பிரெஞ்சு ஆய்வுகளை நேராகப் படியுங்கள்: முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வரலாறு, சமூகவியல், மானிடவியல், தமிழியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் ஆய்வேடுகளில் கோட்பாட்டுப் பின்புலம் பேசும் இயலுக்கு ஃபூக்கோவும் பூர்தியுவும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். சாதி என்றால் லூயி துமோன், சடங்கு என்றால் துர்கைம், கொடை என்றால் மார்செல் மோஸ். எல்லாரும் பிரெஞ்சில் எழுதியவர்கள். ஆனால் பின்னிணைப்பில் உள்ள நூற்பட்டியலைப் புரட்டினால் பதிப்பிடம் லண்டன், நியூயார்க், சிகாகோ என்றே இருக்கும். ஆங்கிலத்தில் படித்தது குற்றம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உலகிலுள்ள ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்த வழியில் நம்மிடம் வந்துசேர்வது பிரெஞ்சு ஆய்வுலகத்தின் ஒரு சிறு பகுதி. எது வரலாம், எது வேண்டாம், எது எப்போது வரட்டும் என்பதை ஆங்கிலப் பதிப்பகங்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகளும் தங்கள் தேவையை ஒட்டி முடிவு செய்திருக்கின்றன. நம் தேவை அந்தக் கணக்கில் இருந்ததே இல்லை. ஆகவே ஒவ்வொரு துறையிலும் சிலராவது பிரெஞ்சைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றாக வேண்டும் என்கிறேன்.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். தற்கொலை பற்றிய துர்கைமின் நூல் 1897இல் வெளியானது; ஆங்கிலத்தில் வந்தது 1951இல். கொடை பற்றிய மோஸின் நீண்ட கட்டுரை 1925இல் அச்சேறியது, ஆங்கிலத்தில் 1954இல். அதே 1925இல் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் சமூக நினைவு பற்றிய தம் நூலை வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் கிடைத்தது 1992இல், அதுவும் முழுமையாக இல்லை. ஆசிரியர் புகன்வால்ட் வதைமுகாமில் இறந்து அதற்குள் 47 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஃபூக்கோவின் கதை இன்னும் விசித்திரமானது. பித்தின் வரலாறு பற்றிய அவருடைய பெருநூல் 1961இல் வந்தது. 1965இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது அதன் சுருக்கப் பதிப்பு. பல பகுதிகளும் அடிக்குறிப்புகளில் பெரும்பாலானவையும் அதில் இல்லை. முழு நூல் ஆங்கிலத்துக்கு வர 2006 ஆயிற்று. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில், ஃபூக்கோ போதிய ஆவணச் சான்று காட்டுவதில்லை என்று ஆங்கில உலகின் வரலாற்றாசிரியர்கள் பலர் குறைபட்டார்கள். முழு நூலையும் படித்தபின் அந்தக் குறைகளில் சில நிற்கவே செய்யும். ஆனாலும் சான்றுகள் கழிக்கப்பட்ட பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சான்று எங்கே என்று கேட்டது நல்ல வழக்காடலாகத் தெரியவில்லை. தமிழில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த அமைப்பியல், பின்நவீனத்துவ விவாதங்கள் பெரும்பாலும் இத்தகைய ஆங்கில வரவுகளை நம்பியே நடந்தன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

"முக்கியமான நூலென்றால் எப்படியும் ஆங்கிலத்துக்கு வந்துவிடும், தாமதம்தானே" என்று நீங்கள் சொல்லக்கூடும். தாமதம் எல்லா நூலுக்கும் ஒன்றுபோல் இல்லை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு நூல்களை அருகருகே வைத்தால் போதும். மனித இனங்கள் ஏற்றத்தாழ்வு உடையவை என்று வாதிட்ட கோபினோவின் பிரெஞ்சு நூல் 1853க்கும் 1855க்கும் இடையே வெளியானது. அடிமைமுறை நிலவிய அமெரிக்காவில் அதற்கு உடனே தேவை எழுந்தது. 1856லேயே அதன் ஒரு பகுதி ஃபிலடெல்ஃபியாவில் ஆங்கிலமாகி வந்தது. அதற்கு மறுப்பாக ஹைட்டி நாட்டைச் சேர்ந்த அந்தேனோர் ஃபிர்மேன் 1885இல் மனித இனங்களின் சமத்துவம் பற்றிப் பெரிய நூலொன்றைப் பாரிசில் வெளியிட்டார். பாரிஸ் மானிடவியல் கழகத்தில் உறுப்பினராக இருந்துகொண்டு, அங்கே மண்டையோட்டு அளவுகளை வைத்துப் பேசிக்கொண்டிருந்த அறிஞர்களை அவர்களுடைய அளவைகளைக் கொண்டே மறுத்த கறுப்பின அறிஞர் அவர். அந்த நூல் ஆங்கிலத்தில் வந்த ஆண்டு 2000. இனவாதத்தின் நூலுக்கு மூன்றே ஆண்டு, அதன் மறுப்புக்கு 115 ஆண்டு. இடையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மானிடவியல் வரலாறுகள் பெரும்பாலும் ஃபிர்மேனைக் குறிப்பிடாமலே கடந்துபோயின. நூலின் தரத்தைக் கொண்டு இந்த இடைவெளியை விளக்கவே முடியாது. யாருக்கு எது தேவைப்பட்டது என்பதைக் கொண்டுதான் விளக்க முடியும்.

இதே தேர்வு பிற்காலத்திலும் நடந்தது, கொஞ்சம் நாசூக்காக. 1966இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில் தெரிதா உள்ளிட்டோர் பேசினார்கள். அங்கிருந்து அமெரிக்க இலக்கியத் துறைகள் தங்களுக்கு வேண்டிய பிரெஞ்சுச் சிந்தனையாளர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு தனி வகையாகவே ஆக்கிக்கொண்டன. ஃபிரான்சுவா குசே 2003இல் இது பற்றி ஒரு நூலே எழுதி, அந்தத் தொகுப்பு எந்த அளவுக்கு அமெரிக்கத் தயாரிப்பு என்று காட்டினார். அந்தத் தொகுப்பில் இடம்பெறாதவர்கள் யார்? ஆவணக்காப்பகத்தில் பத்தாண்டு உட்கார்ந்தவர்கள், கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தவர்கள், தொழிற்சாலைச் சம்பளப் பதிவேடுகளை எண்ணியவர்கள். பிரெஞ்சுச் சமூக அறிவியலின் பெரும்பகுதி இந்த வகை உழைப்புதான். பூர்தியுவின் நூல்களிலேயே இது தெரிகிறது. மேட்டுக்குடி ரசனை பற்றிய அவருடைய 1979ஆம் ஆண்டு நூல் ஐந்தே ஆண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அல்ஜீரியப் போரின்போது பிரெஞ்சு ராணுவம் விவசாயிகளை ஊர்விட்டு ஊர் பெயர்த்து முகாம்களில் அடைத்ததைப் பற்றி அவரும் அப்தெல்மாலெக் சையாதும் சேர்ந்து 1964இல் வெளியிட்ட நூல் ஆங்கிலம் காண 2020 ஆயிற்று. முகாம் வாழ்க்கை, குடிபெயர்ப்பு, நிலமிழந்த உழவர் ஆகியவற்றைப் பற்றி நம்மிடையே எத்தனையோ ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு ரசனை பற்றிய நூலைவிட இந்த நூல்தான் பயன்பட்டிருக்கும்.

இனி நம் வீட்டுக்கே வருவோம். துமோன் 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கிக் களப்பணி செய்தார். அதன் விளைவான பெருநூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது. வீடு, வேளாண்மை, திருமண உறவு, பங்காளி முறை, குலதெய்வம் என்று ஒரு சாதியின் வாழ்வை அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்த நூல் அது. அது ஆங்கிலத்தில் கிடைத்தது 1986இல். ஆனால் சாதியை ஒட்டுமொத்தமாகப் படிநிலை என்ற ஒற்றைக் கொள்கையால் விளக்க முனைந்த அவருடைய 1966ஆம் ஆண்டு நூல் 1970லேயே ஆங்கிலமாகிவிட்டது. அதனால் என்ன ஆயிற்று என்றால், இந்தியாவில் துமோனைப் பற்றிய சண்டை முழுவதும் 1966ஆம் ஆண்டு நூலை வைத்தே நடந்தது. அவர் பிராமண நூல்களிலிருந்து சாதியைப் பார்க்கிறார் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் பிராமணரல்லாத ஒரு சாதியின் நடுவே இருந்து அவர் எழுதிய விவரங்கள் அவருடைய கொள்கைக்கே எங்கெங்கே இடிக்கின்றன என்று அப்போதே கேட்டிருந்தால் விமர்சனம் இன்னும் வலுவாக இருந்திருக்கும். கேட்பதற்கு வேண்டிய சான்று பிரெஞ்சில், அச்சில் இருந்தது. அந்தச் சான்று தோன்றிய மண்ணும் மதுரைதான்.

துமோன் தனி ஆள் அல்லர். ழான் ஃபிலியோசா 1955இல் நிறுவிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் வெளியீடு, 1956இல் வந்த காரைக்காலம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. ஃபிரான்சுவா குரோவின் பரிபாடல் பதிப்பும் மொழிபெயர்ப்பும் 1968இல் அங்கே வந்தன. தமிழகச் சிற்பங்களில் முருகனின் வடிவங்களைப் பற்றி ஃபிரான்சுவாஸ் லெர்னோ எழுதியது 1978இல். 19ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி, காரைக்கால் பற்றி ழாக் வெபர் 1988இல் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். புதுச்சேரியை ஒட்டிய ஊரொன்றைச் சேர்ந்த விராம்மா என்ற தலித் பெண் தமிழில் சொல்லி, ஜோசியான் ரசீன் பதிவு செய்த வாழ்க்கை வரலாறு முதலில் 1995இல் நூலானது பிரெஞ்சில்தான். பரிபாடல் பற்றியும் கோயில் சிற்பம் பற்றியும் நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் எத்தனையில் இந்த நூல்கள் பெயரளவுக்காவது வருகின்றன என்பதை நீங்களே உங்கள் நூலகத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, புலம்பெயர் தமிழர் வரலாற்றில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகள் பற்றிய நம் ஆய்வுகள் இலங்கை, மலேயா, ஃபிஜி, நேட்டால் என்று ஆங்கிலேயக் குடியேற்றங்களைச் சுற்றியே வருகின்றன. ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் காரணம். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடிக் காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் வந்தார்கள். 1853இலிருந்து மார்த்தினிக்குக்கும் 1854இலிருந்து குவாதலூப்புக்கும் கப்பல்கள் போயின. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆங்கிலேயப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழி செய்தன. மூன்று பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும் மார்த்தினிக்குக்கு 25,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். ரீயூனியன் தீவுக்கும் இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோரை அங்கே இன்றும் மலபார் என்றே அழைக்கிறார்கள். அங்கே தீமிதியும் நடக்கிறது. இவர்களைப் பற்றிய அடிப்படை ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரெஞ்சில் இருக்கின்றன. குவாதலூப் இந்தியரைப் பற்றிச் சிங்காரவேலு 1975இல் எழுதிய நூல், தீவுகளில் உருமாறிய இந்து சமயம் பற்றி ழான் பெனுவா 1998இல் எழுதிய நூல் இரண்டும் அவற்றில் முதன்மையானவை. பிரெஞ்சு அரசின் மூல ஆவணங்கள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரின் கடல்கடந்த நிலப்பகுதிகள் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு தெரியாமல் எழுதப்படும் தமிழர் புலம்பெயர்வு வரலாறு ஒரு பேரரசின் வரலாறாகவே நின்றுவிடும்.

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர்களே ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்களே, நாம் ஏன் திரும்பிப் போக வேண்டும் என்பது ஒன்று. பாதி உண்மை. தென்னாசியா பற்றி இன்று எழுதும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பலர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பாரிசிலிருந்து நடத்தப்படும் தென்னாசிய ஆய்விதழ் ஒன்றே ஆங்கிலத்தில் வருகிறது. ஆனால் 1994ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, அங்கே முனைவர் பட்ட ஆய்வேட்டின் மொழி பிரெஞ்சுதான். ஒருவர் ஆறேழு ஆண்டு திரட்டிய முழு விவரமும் ஆய்வேட்டில் இருக்கும். ஆங்கிலக் கட்டுரையில் அதன் சாரம் மட்டும் இருக்கும். தவிரவும், நூறாண்டுக் கால இருப்பு ஒன்று பின்னால் இருக்கிறது. அது மொழி மாறப் போவதில்லை.

அந்த இருப்பு இன்று பூட்டிக் கிடக்கவும் இல்லை. பழைய ஆய்விதழ்களை இலவசமாகத் தரும் பெர்சே தளம் 2005இல் தொடங்கியது; தூரக்கிழக்கு பிரெஞ்சுப் பள்ளியின் ஆய்விதழ் 1901இலிருந்து அதில் இருக்கிறது. ஓப்பன் எடிஷன் 1999லேயே முளைத்தது. புதுச்சேரி நிறுவனத்தின் நூல்கள் பல அதில் கிடைக்கின்றன. கனடாவின் பிரெஞ்சு ஆய்விதழ்களுக்கு மொன்ட்ரியாலில் எருதி என்ற தளம் 1998இலிருந்து இயங்குகிறது. 2016இல் வந்த பிரெஞ்சுச் சட்டம், பொதுப்பணத்தில் நடந்த சமூக அறிவியல் ஆய்வின் கட்டுரையை 12 மாதத்துக்குப் பின் ஆசிரியர் தாமே இலவசமாக வெளியிடலாம் என்று உரிமை கொடுத்தது. லாபம் பார்க்கும் ஆங்கில நிறுவனங்கள் ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும் காலத்தில், நிதி வறண்ட நம் பல்கலைக்கழகங்களுக்கு இது சிறு வரம் இல்லை. ஆங்கிலக் கட்டுரைகளைத் திருட்டுத் தளங்களில் தேடிக்கொண்டிருக்கும் நாம், சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதைத் தொடாமல் இருக்கிறோம்.

இன்னொரு மறுப்பு, கணினியே இப்போது மொழிபெயர்த்துவிடுகிறதே என்பது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு அது நன்றாகவே செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எதைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது என்று அது சொல்லாது. எந்த நூல் இருக்கிறது, யார் யாரை மறுத்தார், எந்த மதிப்புரை எந்தப் பிழையைக் காட்டியது என்பதெல்லாம் அட்டவணையிலும் அடிக்குறிப்பிலும் இருக்கும். அவற்றைத் தேடவே அந்த மொழியின் அடிப்படை வேண்டும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும்போது மூலத்தோடு ஒத்துப்பார்க்கவும் வேண்டும். உண்மையில் கணினியின் உதவி என் வாதத்துக்கே சாதகம். முன்பு மூன்று ஆண்டு படிக்க வேண்டியிருந்த இடத்தில், இப்போது ஓராண்டு இலக்கணமும் அகராதிப் பழக்கமும் இருந்தால் கணினியின் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக்கொண்டே படித்துவிடலாம். பேச வேண்டாம், எழுத வேண்டாம், படித்தால் போதும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் பல, முனைவர் பட்ட மாணவர்களிடம் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இந்த அளவுதான்.

இதுவும் ஓர் ஆதிக்க மொழிதானே என்ற மூன்றாவது கேள்வி நியாயமானது. புதுச்சேரியை ஆண்ட, அல்ஜீரியாவை எரித்த அரசின் மொழி. ஆனால் அந்த அரசை மிகக் கூர்மையாக எதிர்த்தவர்களும் அதிலேயே எழுதினார்கள். ஃபிர்மேனைச் சொன்னேன், ஃபனோனை உங்களுக்கே தெரியும். பெனின் நாட்டுத் தத்துவ அறிஞர் போலேன் உந்தொன்ஜி, ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் தரவு திரட்டி அனுப்பும் வேலையை மட்டும் செய்ய, கேள்வியும் கோட்பாடும் ஐரோப்பாவில் உருவாகின்றன என்று பிரெஞ்சில் எழுதிக் கண்டித்தார். டக்காரில் 1973இல் தொடங்கிய ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் மன்றம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அந்த விவாதத்தை நடத்திவருகிறது. நம் நிலைமைக்குப் பாரிசைவிட நெருக்கமானவை டக்காரும் ஹைட்டியும். அவற்றை அடையவும் இந்த மொழி வேண்டும்.

கடினமான மறுப்பு வேறொன்று: கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாக ஆய்வுக்கு வந்தவருக்கு ஆங்கிலமே பெரும் சுமை, அதன்மேல் இன்னொன்றா? எல்லார் தலையிலும் ஏற்றச் சொல்லவில்லை. ஒரு துறைக்கு இரண்டு பேர் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சாரம் எழுதித் தந்தாலே நிலைமை மாறும். இலக்கியத்தில் இது நடந்திருக்கிறது, வெ. ஸ்ரீராம் காம்யுவின் 'அந்நியன்' நாவலைப் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழாக்கினார். சமூக அறிவியலில் மட்டும் இன்னமும் ஆங்கிலத்தின் தயவை எதிர்பார்க்கிறோம். அந்தத் தயவு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள். நேராகத் தமிழுக்கு வரும் பிரெஞ்சு ஆய்வு, ஆங்கிலச் சுமையால் தவிப்பவருக்கே முதலில் உதவும். நம் ஊரில் பிரெஞ்சு பள்ளிகளில் இல்லாமலும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் அள்ள ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதை எடுக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்தவர்களில் சிலர் இப்போது உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைப் பெர்சேயில் தேடி எடுங்கள். கணினியையும் அகராதியையும் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் படித்து முடித்து, அதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புங்கள். முனைவர் பட்டப் படிப்புக்கான தாள்களில் ஒன்றாகப் பிரெஞ்சு வாசிப்பைச் சேர்க்கும்படி ஆய்வுக்குழு அடுத்து கூடும்போது கேளுங்கள். ஆசிரியர் இல்லை என்று சொன்னால், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சுத் துறைகள் இருக்கின்றன என்று நினைவூட்டுங்கள். அதற்கும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.